வெள்ளைக்கு ஊழியம் செய்த நீலம்

ஒரு கிலோ சுண்ணாம்புக்கு 3 கிராம் வரை நீலம். வெள்ளையடிப்புக்கு மத்தியப் பொதுப்பணித் துறையின் விதிநூல் சொல்லும் அளவு இது. நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டி, 10 லிட்டர் கரைசலுக்கு 40 கிராம் கருவேலம் பிசினை வெந்நீரில் கரைத்து ஊற்றி, கடைசியாக இந்த நீலத்தைக் கலக்கச் சொல்கிறது அது. சுவரை நீலமாக்குவது நோக்கமில்லை; வெள்ளையை இன்னும் வெள்ளையாகக் காட்டுவதுதான். ஆனால் சென்னையை அடுத்த வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் படப்பையை ஒட்டி எழுந்துள்ள புது மனைப்பிரிவுகளில் இன்று ஒரு வீட்டு வரவேற்பறைக்குச் சாம்பல் படர்ந்த நீலத்தை, பெயிண்ட் கடைக்காரர் மொழியில் ‘சிலேட் புளூ’வை, தேர்ந்தெடுப்பது சாதாரணம். இந்த நிறத்தை இறக்குமதி நாகரிகம் என்று ஒரு சாராரும், பழைய நீலச் சுவர்களின் மறுவருகை என்று இன்னொரு சாராரும் சொல்வார்கள். இரண்டுமே பாதி சரி என்று தலையாட்டிவிட்டு நகரலாம். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. நம் சுவர்களின் நிறத்தை நெடுங்காலம் தீர்மானித்தது ரசனையைவிடச் சுண்ணாம்பும், விளக்கொளியும், அடுப்புப் புகையும்தான். இந்த மூன்றின் பிடியும் தளர்ந்த பிறகே நடுத்தர அடர்த்தியுள்ள ஒரு சாம்பல் நீலம் வீட்டுக்குள் வர முடிந்தது.

சுண்ணாம்பிலிருந்து தொடங்க வேண்டும். சென்னைப் பகுதியின் நல்ல சுண்ணாம்பு கல்லைச் சுட்டு வந்ததில்லை, கிளிஞ்சலைச் சுட்டு வந்தது. பழவேற்காடு, எண்ணூர் கழிமுகங்களில் வாரிய கிளிஞ்சல் காளவாய்களில் வெந்து, நீர்பட்டுப் பூத்து, காரையாகவும் பூச்சாகவும் ஆயிற்று. இதன் பெருமை கடல் கடந்தது. 1732இல் செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக், சென்னையில் சிறந்த சுண்ணாம்புச் சாந்து செய்யும் முறையை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் விளக்கினார். 1780இல் இங்கே வந்திறங்கிய ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், தேய்த்து மெருகேற்றிய சுவர்கள் பளிங்குபோல் மின்னியதைத் தம் பயண நூலில் பதிவு செய்தார். வெல்லம், தயிர், முட்டை வெண்கரு சேர்த்து அரைத்து, வழுவழுப்பான கல்லால் நாள்கணக்கில் தேய்த்த அந்தப் பூச்சு பணமுள்ளவர்களுக்கானது. படப்பை, மணிமங்கலம் போன்ற ஏரிப்பாசன ஊர்களில் மண்சுவர்கள்தான் மிகுதி. அவற்றின் மேல் சாணமும் செம்மண்ணும், வசதிப்பட்டால் பொங்கலுக்கு ஒரு கை சுண்ணாம்பும், ஓரத்தில் காவிப் பட்டையும் ஏறின. மாளிகைக்கும் மண்வீட்டுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: சுவர் என்றால் வெள்ளை, வெள்ளை என்றால் சுண்ணாம்பு.

அந்த வெள்ளைக்கு ஒரு குறை உண்டு. சுண்ணாம்பில் கலந்திருக்கும் இரும்பும் மண்ணும் மெல்லிய மஞ்சள் சாயலைத் தரும். அடுப்புப் புகையும் பிசினும் அதை இன்னும் கூட்டும். நீலம் மஞ்சள் பக்கத்து ஒளியை விழுங்குவதால், சிட்டிகை நீலம் விழுந்தவுடன் கண் அதைத் தூய வெள்ளையாக எடுத்துக்கொள்கிறது. சலவைத் தொழிலாளி வேட்டிக்குச் செய்ததையே கொத்தனார் சுவருக்குச் செய்தார். எந்த நீலம் என்பது இங்கே முக்கியம். பழைய மெட்ராஸ் மாகாணத்தில் கடப்பை, தென்னார்க்காடு மாவட்டங்களில் அவுரி பயிராகி, சாயக்கட்டிகளாகக் கப்பலேறியது. ஆனால் அவுரி தாவரச் சாயம். வெயில் அதை வெளிறவைக்கும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்த பிரஷ்ய நீலமோ சுண்ணாம்பின் காரத்தில் சிதைந்து பழுப்பேறிவிடும். காரத்துக்கும் வெயிலுக்கும் அசையாத நீலமாக வெகுகாலம் பெயர்பெற்றிருந்தது: ஆப்கானிஸ்தானத்து மலைகளில் கிடைத்த லாபிஸ் லசூலிக் கல்லின் பொடி. அஜந்தா ஓவியங்களில் அது இருக்கிறது, பொங்கல் சுவருக்கு அது எட்டாது. பிரெஞ்சுத் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் 1824இல் 6,000 பிராங்க் பரிசு அறிவித்த பிறகு, கிமே என்பவர் அதே நீலத்தை உலையில் செய்துகாட்டினார். ஜெர்மனியில் க்மெலினும் 1828இல் வேறொரு வழியை வெளியிட்டார். வெண்களிமண்ணும் சோடாவும் கந்தகமும் ஒன்றாக வெந்தால் அரசர்களின் கல் நீலம் மளிகைக்கடைச் சரக்காகிவிடும் என்பதுதான் அந்தக் கண்டுபிடிப்பு. ராபின் நீலமாக அது தமிழ் வீடுகளுக்கு வந்தது. 1960இல் தொடங்கப்பட்ட அல்ட்ராமரைன் அண்ட் பிக்மென்ட்ஸ் நிறுவனம் சென்னைக்குள்ளேயே அம்பத்தூரில் அதைத் தயாரித்தது. பிற்காலத்துச் சொட்டு நீலங்கள் வேறு இனம். அவை ஊதாச் சாயக் கரைசல்கள். துணிக்குப் பொருந்தும், வெயில்படும் சுவரில் நிற்காது.

மலிவான, சாகாத நீலம் கைக்கு வந்ததும் 3 கிராம் வரம்பு மீறப்பட்டது இயல்புதான். ஒரு பிடி கூடுதலாகப் போட்டால் சுவர் வெளிர்நீலம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் திண்ணைகளிலும் பூசையறைகளிலும் தெரிந்த அந்த நீலம் இப்படி வந்ததென்றே நினைக்கிறேன்: வெள்ளைக்கு ஊழியம் செய்ய வந்தது, அளவு மீறித் தானே நிறமாக நின்றது. ஆனால் அது எவ்வளவு தூரம் போக முடிந்தது? சிறிதளவு பிசினைத் தவிர, சுண்ணாம்புக் கரைசலில் நிறப்பொடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் பசை தனியாக இல்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாக மாறும் சுண்ணாம்பேதான் பசை. பொடியின் எடை சுண்ணாம்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தப் பிடி தளர்ந்துவிடும்; சாய்ந்தவர் சட்டையில் சுவர் ஒட்டிக்கொள்ளும். தவிர, சுண்ணாம்பே வெள்ளை நிறப்பொடி. ஈரத்தில் அடர்ந்து தெரிவது காய்ந்ததும் பல படி வெளிறிப்போகும். ஆகவே சுண்ணாம்பின் வண்ண உலகம் முழுவதும் வெளிர் பக்கத்திலேயே இருந்தது: வெளிர்நீலம், வெளிர்பச்சை, வெளிர்மஞ்சள், காவியின் இளஞ்சிவப்பு. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் நிற்கும் ஒரு நீலம், அதுவும் கறுப்பு கலந்த நீலம், அந்த உலகத்துக்கு வெளியே இருந்தது. இதற்கு மறுப்பாக ஜோத்பூரைக் காட்டலாம். அங்கே பழைய நகரத்தின் சுண்ணாம்புச் சுவர்கள் ஆழ்ந்த நீலத்தில் நிற்கின்றனவே? மழை குறைந்த பாலை ஓரத்தில், திரும்பத் திரும்பப் படலமேற்றிய பூச்சு உதிராமல் தேங்குகிறது என்பது ஒரு காரணம். வடகிழக்குப் பருவமழையில் நனையும் செங்கல்பட்டுச் சீமையில் அந்தச் சேமிப்பு சாத்தியமில்லை. மேலும் ஜோத்பூர் நீலம் பளிச்சென்ற நீலம், சாம்பல் கலவாதது. அல்ட்ராமரைன் சிறிதளவிலேயே கண்ணைப் பறிக்கும். கறுப்பைச் சேர்த்து அதன் மினுக்கை அடக்கிவிட்டால், சுண்ணாம்புச் சுவரில் மிஞ்சுவது நரைத்த, அழுக்கேறியதுபோன்ற வெள்ளைதான். யாரும் காசு கொடுத்து அழுக்கைப் பூசிக்கொள்ளமாட்டார்கள்.

சுண்ணாம்பு தடுக்காமல் இருந்திருந்தாலும் விளக்கு தடுத்திருக்கும். ஓர் அறையின் சுவர் ஒளியை எவ்வளவு திருப்பித் தருகிறது என்பதைப் பொறுத்தே அந்த அறையில் சிறுவிளக்கின் பயன் இருந்தது. புதிதாக அடித்த வெள்ளைச் சுவர் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். சிலேட்டு நீலச் சுவர் பாதிக்கும் குறைவாகவே தரும். அகல் விளக்கிலும் பின்னர் மண்ணெண்ணெய் விளக்கிலும் சமைத்துச் சாப்பிட்டுப் படித்த வீட்டில் சுவரை இருட்டாக்குவது இருக்கும் விளக்கில் பாதியை அணைப்பதற்குச் சமம். தமிழகச் சிற்றூர்களில் மின்சாரம் பரவலாக எட்டியது 1950, 60களில்தான், அதுவும் முதலில் ஒற்றைக் குண்டு பல்பாக. சன்னல்களும் சிறியவை, வெயிலைத் தடுக்க அப்படிக் கட்டினார்கள், உள்ளே வந்த கொஞ்ச வெளிச்சத்தை வெள்ளைச் சுவர்தான் பெருக்கியது. புகை மூன்றாவது காரணம். விறகடுப்பு வருடம் முழுவதும் சுவரில் கரி ஏற்றியது, போகிக்கு முன்பு அதைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசினார்கள். இந்த ஆண்டுச் சடங்குக்குப் பழகிய வீட்டில் நிறம் நிலையான முடிவாக இருக்கவில்லை. மலிவாக இருக்கவேண்டும், வீட்டார் கையாலேயே நார் மட்டையை வைத்து ஒரே நாளில் முடியவேண்டும், அடுத்த தை வரை தாங்கினால் போதும். சுண்ணாம்பின் காரம் பூச்சியையும் பூஞ்சையையும் அடக்கியது கூடுதல் ஆதாயம்.

இதற்கெல்லாம் நல்ல சாட்சி ஆங்கிலேயர்களின் வீடுகள். ரசனைதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது என்றால், சென்னையின் தோட்ட வீடுகளிலும் பல்லாவரம், பரங்கிமலைப் படைக்குடியிருப்புகளிலும் வாழ்ந்த ஆங்கிலேயர் தங்கள் ஊர்ச் சுவர்களை இங்கேயும் எழுப்பியிருக்கவேண்டும். அவர்கள் நாட்டில் 19ஆம் நூற்றாண்டு வீட்டு அறைகள் வண்ணக் காகிதமும் அடர்ந்த நிறங்களுமாக இருந்தன. சாம்பல் நீலமும் அவற்றில் ஒன்று. நாற்காலியை, பியானோவை, திரைச்சீலையைக் கப்பலில் கொண்டுவந்தவர்கள் சுவரை மட்டும் சுண்ணாம்புக்கே விட்டுவிட்டார்கள். காகிதம் ஓதத்தில் உரிந்தது, மிச்சத்தைக் கரையான் தின்றது. பணமும் ஆசையும் மாதிரிப் புத்தகமும் இருந்தும் பெரும்பாலும் வெள்ளை அறைகளில்தான் அவர்கள் வாழ்ந்தார்கள். இன்று கைப்பேசியில் ஐரோப்பிய அறைகளின் படங்களைப் பார்த்துத்தான் படப்பையில் சாம்பல் நீலம் வருகிறது என்பவர்களுக்கு இதுவே என் பதில். படம் பார்ப்பது தூண்டும், மறுக்கவில்லை. ஆனால் பொருள் இடம் கொடுக்காதபோது, ஆட்சியே கையிலிருந்தவர்களாலும் அந்த ஆசையைச் சுவரில் ஏற்ற முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், சாம்பல் நீலம் இந்தப் பகுதிக்கு அந்நியமே இல்லை. காலடியிலேயே கிடந்தது. பல்லாவரம், பரங்கிமலை, திரிசூலம், பம்மல் குன்றுகளின் கருங்கல்லைப் புதிதாக உடைத்தால் நீலம் ஓடிய சாம்பலாகத் தெரியும்; அதன் பளிங்குத்துகள்களே நீலச் சாயல் கொண்டவை. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னையிலிருந்து போன கல் இந்த இனம்தான். புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அதை ஆராய்ந்து சார்னோக்கைட் என்று பெயரிட்டார், உலகம் முழுவதும் அந்த இனத்துக்கு அதுவே பெயராயிற்று. கட்டுமானத் தொழிலில் இதன் ஜல்லிக்குப் ‘புளூ மெட்டல்’ என்று பெயர். சென்னையின் தெற்கு, மேற்கு ஓரங்களின் குவாரிகள் பல பத்தாண்டுகளாக இந்தக் கல்லை நகரத்துக்குக் கொடுத்துப் பள்ளங்களாயின. 2017 வறட்சியில் சிக்கராயபுரத்துக் குவாரிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். வீட்டின் தளமும் தூணும் இந்த நீலக்கல்லால் நிற்க, அதை சிமென்ட் மூடியது, சிமென்டை வெள்ளை மூடியது. தாம்பரம் விமானப்படை நிலையத்தின் சீருடையும் சாம்பல் நீலம்தான். விமானப் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி 1954 முதல் அங்கே இருக்கிறது. அரசு மருத்துவமனை, காவல் நிலையம், பள்ளிக்கூடம் ஆகியவற்றில் தலையும் கையும் படும் உயரம்வரை எண்ணெய்ப் பெயிண்டில் ஓர் அடர்ந்த பட்டை ஓடும். சாம்பலும் நீலமும் அதற்கு வழக்கமான நிறங்கள், ஏனெனில் கழுவலாம், அழுக்குத் தெரியாது. தொழிலிலும் சீருடையிலும் அலுவலகத்திலும் இந்த நிறம் இருந்தது. வாசலைத் தாண்டி வீட்டுக்குள் மட்டும் வரவில்லை.

இங்கேதான் வலுவான மறுப்பு எழும். வராததற்குக் காரணம் சுண்ணாம்பா, மங்கல அமங்கலமா? கறுப்பு கலந்த நிறத்தை நல்ல காரியத்துக்கு ஒதுக்கிவைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. கருநீலம் சனிக்குரியது என்பதால் நீலக்கல் மோதிரத்தைக்கூட ஜோசியரைக் கேட்காமல் போடத் தயங்குவார்கள். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே மக்கள்தான் தைப் பிறப்புக்குச் சுண்ணாம்பில் நீலத்தைக் கலந்தார்கள், பூசையறையையே வெளிர்நீலமாக்கினார்கள். மெருகேறிய கருங்காலியும் எண்ணெய் குடித்துக் கறுத்த தேக்கும் நிலைக்கதவாக நின்றபோது மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டார்கள். கறுத்த மரம் மங்கலமாகவும் கறுத்த சுவர் அமங்கலமாகவும் தோன்றியதற்குக் காரணம், சுவர் கறுப்பது புகையாலும் ஓதத்தாலும் கவனிப்பின்மையாலும் என்ற அனுபவம். வெள்ளையடிக்காத வீடு துக்க வீடு அல்லது வறண்ட வீடு. நம்பிக்கை பொய் என்று சொல்லவில்லை. அது சுண்ணாம்பின் தர்க்கத்தோடு பிணைந்து வளர்ந்தது என்கிறேன். புகை ஒழிந்து, பூச்சு மாறி, சுவரின் அடர்ந்த நிறம் வேண்டுமென்றே பூசப்பட்டது என்பது பார்த்தவுடன் தெரியத் தொடங்கியபோது அந்தத் தயக்கம் பெரிய எதிர்ப்பின்றி விலகியது. செட்டிநாட்டை எடுத்துக்காட்டிப் பணக்காரர்கள் எப்போதோ அடர்நிறங்களைக் கொண்டுவந்துவிட்டார்களே என்று கேட்பவர்கள், அந்த நிறங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்கவேண்டும். பெரும்பாலும் மரக் கூரையின் எண்ணெய்ப் பெயிண்டிலும், சுவரில் பதித்த ஓட்டிலும், கண்ணாடியிலும். பரந்த சுவர்ப்பரப்பில் முட்டைவெள்ளைப் பூச்சின் மினுமினுப்புத்தான் அங்கேயும் செல்வத்தின் அடையாளம்.

மாற்றம் படிப்படியாக வந்தது. 1942இல் பம்பாயில் தொடங்கிய ஏசியன் பெயின்ட்ஸ் டிஸ்டெம்பரை நடுத்தர வீடுகளுக்குக் கொண்டுசென்றது, ஆர்.கே. லக்ஷ்மண் 1954இல் வரைந்த கட்டு என்ற சிறுவன் பெயிண்ட் டப்பாவோடு எல்லா ஊரிலும் அறிமுகமானான். வெளிச்சுவருக்கு ஸ்னோசெம் என்ற சிமென்ட் பெயிண்ட் வந்தது. டிஸ்டெம்பரும் சிமென்ட் பெயிண்டும் ஆண்டுச் சடங்கைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாக நீட்டின. ஆனால் நிறத்தில் அவை சுண்ணாம்பின் வெளிர் உலகத்தைத் தாண்டவில்லை. தாண்டவைத்தவை மூன்று. ஒன்று டைட்டேனியம் டை ஆக்சைடு: சுண்ணாம்பைவிடப் பல மடங்கு மூடும் திறனுள்ள வெள்ளை, அதன் தாதுவான இல்மனைட் கேரளக் கரையிலும் நம் மணவாளக்குறிச்சி மணலிலும் கிடைப்பது. திருவனந்தபுரத்தில் 1946இல் தொடங்கிய திருவாங்கூர் டைட்டேனியம் ஆலை இதை இந்தியாவுக்குள் செய்தது. கொஞ்சம் வெள்ளையே கீழே உள்ளதை மறைத்துவிடுவதால் நிறப்பொடிக்கு இடம் கிடைத்தது. இரண்டு, தாலோசயனின் நீலம். 1928இல் ஸ்காட்லாந்தில் ஒரு சாயத் தொழிற்சாலைக் கலனில் தற்செயலாகக் கண்ணில்பட்டு, 1935இல் சந்தைக்கு வந்தது. காரத்துக்கும் வெயிலுக்கும் அசையாது, துளி போட்டாலே போதும். மூன்று, எமல்ஷனின் பிளாஸ்டிக் பசை, சுண்ணாம்பால் முடியாத அளவு நிறப்பொடியை உதிராமல் கட்டிப்போடுவது. இவை மூன்றும் சேர்ந்ததும், 1990களில் கடைக்கு வந்த டின்டிங் மெஷினால் வெள்ளை டப்பாவில் இத்தனை துளி நீலம், இத்தனை துளி கறுப்பு என்று விட்டு ஒரே நிறத்தை எந்த ஊரிலும் மறுபடி மறுபடி எடுக்க முடிந்தது. கையால் கலந்த காலத்தில் சாம்பல் நீலம் கொத்தனாருக்குக் கெட்ட கனவு: இரண்டாவது வாளி முதல் வாளியோடு ஒருபோதும் பொருந்தாது. வெளிர்நீலத்தில் அந்த வேறுபாடு மன்னிக்கப்படும், நடுத்தர அடர்த்தியில் சுவர் நடுவே கோடாகத் தெரியும்.

இதே காலத்தில் படப்பையைச் சுற்றிய வாழ்க்கையும் மாறியது. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது, 2005இல் ஸ்ரீபெரும்புதூரில் ஏசியன் பெயின்ட்ஸே ஆலை திறந்தது, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார்கள் வெளிவரத் தொடங்கின. வயலும் ஏரிக்கரையும் மனைகளாயின. எரிவாயு அடுப்பு, பெரிய சன்னல், எல்இடி விளக்கு ஆகியவற்றோடு கட்டப்பட்ட வீடுகளுக்குப் பழைய வெள்ளையின் காரணங்களில் ஒன்றும் பொருந்தாது. சிலேட்டு நீலத்தை இப்போது தடுக்க யாருமில்லை. அதனால் வந்தது என்பதே என் வாதத்தின் சாரம்.

யாருமில்லை என்றது கொஞ்சம் மிகை. தண்ணீர் இருக்கிறது. அடையாறு தொடங்குவது படப்பை, மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் சங்கிலியிலிருந்துதான். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்த ஆற்றின் வெள்ளத்தில் மூழ்கின. நனைந்த சுவர் காயும்போது செங்கல்லிலும் காரையிலும் உள்ள உப்பு வெளியே வந்து பூக்கும். சுண்ணாம்புப் பூச்சு நீராவியை வெளியே விடும், பூத்த உப்பும் வெள்ளை, சுவரும் வெள்ளை, அடுத்த பொங்கலுக்கு மேலே ஒரு கை பூசினால் முடிந்தது. எமல்ஷன் படலம் ஓதத்தை அவ்வளவு சுலபமாக விடாது, கொப்பளித்து உரியும். நடுத்தர அடர்த்தியுள்ள நீலத்தில் ஒவ்வொரு உப்புத் திட்டும் ஒவ்வொரு மயிரிழை விரிசலும் வெள்ளையாக எழுந்து நிற்கும், ஒரு திட்டை மட்டும் தொட்டுப் பூசினால் புது நிறம் பழையதோடு ஒட்டாது, சுவர் முழுவதையும் அடிக்கவேண்டியிருக்கும். ஆகவே தாழ்வான மனைகளில் இந்த நிறத்தை விரும்புகிறவர் அதைத் தரையோடு கொண்டுபோகாமல் மூன்றடிக்கு மேலே தொடங்குவது நல்லது. கீழே கழுவக்கூடிய ஓடோ, மூச்சுவிடும் சுண்ணாம்புப் பூச்சோ இருக்கட்டும். பழைய அரசு மருத்துவமனைச் சுவர் கீழே அடர்த்தி, மேலே வெள்ளை என்று பிரிந்திருந்தது. இங்கே அந்தக் கணக்கு தலைகீழாகத் திரும்பும்.